கையெழுத்துப் போட்டவர் குற்றவாளி அல்ல

"சர்வீஸில் இருக்கும்போதே பார்த்துச் சரிசெய்திருக்க வேண்டாமா?"

கணவர் இறந்து, குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைகிற பெண்ணிடம் வங்கியில் இதைக் கேட்கிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வரிசையில் நிற்கிற முதியவரிடம் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட மனிதர்கள் அல்லர். எனக்கு அதிக வருத்தம் தருவது, முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டங்களில் பேசுகிற சுபேதார்களும் ஹவில்தார்களும்கூட இதையே சொல்வதுதான். "நம்ம ஆளுங்களுக்கு அஜாக்கிரதை. டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்துகூடப் பார்க்கிறதில்லை. அப்புறம் ரெக்கார்ட் ஆபீஸைக் குறை சொல்லி என்ன பண்றது?"

படைப் பதிவேட்டில் பெயரோ பிறந்த தேதியோ ஊரோ தவறாக இருந்தால் தவறு படைவீரருடையது. திருத்துகிற அலைச்சலும் செலவும் அவருடையவை. அவர் போய்விட்டால் அவர் மனைவியுடையவை. இப்படி ஒரு கருத்து யாரும் கேள்வி கேட்காத அளவுக்கு ஊன்றிவிட்டது. நான் இதை முழுக்க மறுக்கிறேன். இந்தப் பிழைகளில் பெரும்பகுதிக்குப் பொறுப்பு பதிவேட்டை எழுதியவர்களிடமும், நாற்பது ஆண்டு கழித்து அதை வேறொரு அட்டையோடு ஒப்பிடச் சொன்னவர்களிடமும் இருக்கிறது. திருத்தித் தரவேண்டிய கடமையும் அவர்களுடையதே.

அந்தப் பதிவு எப்படி உண்டாகிறது? பதினேழரை வயதில் ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஒரு பையன் வருகிறான். ஓட்டம், உயரம், மார்பளவு, மருத்துவச் சோதனை எல்லாம் முடிந்தபின் பள்ளி டி.சி.யை நீட்டுகிறான். அதைப் பார்த்து ஒரு கிளார்க் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்புகிறார். அந்த விவரங்கள் 'ஷீட் ரோல்' என்கிற தாளில் ஏறுகின்றன. அந்தத் தாள் அவன் சேர்ந்த பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில். மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூருவில். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். கடற்படை மாலுமிக்கு மும்பை, விமானப்படை வீரருக்கு டெல்லி. தன்னைப் பற்றி எழுதியிருக்கிற மூலத்தாளை அவன் வீட்டுக்கு எடுத்துப்போய், படித்தவர் யாரிடமாவது காட்டிச் சரிபார்க்க வழியே கிடையாது.

பிறகு கல்யாணம். லீவில் ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டுத் திரும்பும் சிப்பாய், யூனிட் ஆபீஸில் மனைவி பெயரைச் சொல்கிறான். அது 'பார்ட் டூ ஆர்டர்' ஆக வெளியாகி ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகிறது. எழுதுகிற கிளார்க் ஹரியானாக்காரராக இருக்கலாம், வங்காளியாக இருக்கலாம். 'பழனியம்மாள்' என்ற பெயர் அவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதப்படும். ஒரு தாளில் ழகரத்துக்கு 'எல்' போட்டிருக்கும்; பின்னால் வந்த அட்டையில் 'இசட் எச்' போட்டிருக்கும். வீட்டில் கூப்பிடுகிற பெயரையே அந்த இளைஞன் சொல்லியிருக்கவும் கூடும். எழுபதுகளில் மணமான கிராமத்துப் பெண்ணிடம் சரிபார்க்க வேறு தாள் இருந்ததா? நாடு முழுமைக்குமான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. அதற்கு முன் கிராமத்தில் பிறந்த ஏராளமான பெண்களின் பிறந்த நாள், அம்மாவின் ஞாபகத்தில் ஒரு மாதமும் ஒரு நட்சத்திரமுமாக மட்டுமே இருந்தது. படிவம் கேட்கிறதே என்பதற்காக ஏதோ ஒரு தேதி எழுதப்பட்டது. அல்லது கட்டம் காலியாக விடப்பட்டது.

நம் பெயர்களின் அமைப்பும் இதில் சேர்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்கிறோம். பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. குடும்பப் பெயர் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்ட படிவத்தில் இது எங்கே உட்காரும்? ஒரு அலுவலகம் அதைப் பெயருக்கு முன்னால் போடும், இன்னொன்று பின்னால் போடும், மூன்றாவது அலுவலகம் அதை விரித்து அப்பாவின் முழுப் பெயரையும் ஒட்டி எழுதிவிடும். ஒரே பெண் மூன்று பெண்களாகிவிடுவாள். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை.

இங்கே ஒரு பதில் வரும். குடும்ப விவரங்களை அவ்வப்போது காட்டிக் கையெழுத்து வாங்கும் முறை படையில் இருக்கிறதே, கையெழுத்துப் போட்டானே என்பார்கள். முறை இருக்கிறது, கையெழுத்தும் போட்டார். ஆனால் எதோடு ஒப்பிட்டுப் பார்த்துப் போட்டார்? முதல் ஆதார் எண் தரப்பட்டது 2010 செப்டம்பரில். 1985இல் ஓய்வு பெற்ற நாயக், இருபத்தைந்து ஆண்டு கழித்து வரப்போகிற அட்டையில் தன் மனைவி பெயருக்கு எந்த எழுத்துப் போடுவார்கள் என்று அறிந்து, அதற்கேற்பப் பதிவேட்டைத் திருத்தியிருக்க வேண்டுமா? அவர் கையெழுத்துப் போட்ட நாளில் அந்தப் பதிவில் பிழை இல்லை. பின்னால் வந்த அரசாங்க அட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எழுதின. எதை எதோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்ற விதியும் பின்னால்தான் வந்தது. இன்று 'பொருந்தவில்லை' என்று திரும்பி வரும் விண்ணப்பங்களில் எத்தனையோ இந்த வகை.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு வீடு படைக்குப் போனதால் ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் ஊர். அந்த வட்டாரத்திலிருந்து 1965இல் சேர்ந்த ஒருவரின் பதிவில் மாநிலம் மெட்ராஸ் என்றும் மாவட்டம் வட ஆற்காடு என்றும் இருக்கும். 1969இல் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி திருவண்ணாமலை, மறு பாதி அம்பேத்கர் பெயரில். அது பிறகு வேலூர் மாவட்டம் ஆயிற்று. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அரக்கோணத்துக்காரரோ வாணியம்பாடிக்காரரோ வீட்டை விட்டு நகரவே இல்லை; அவர் முகவரி இத்தனை முறை மாறிவிட்டது. அரசாங்கம் தன் பெயர்களை மாற்றும்போது எந்த நோட்டரியிடமும் பிரமாணப் பத்திரம் கொடுக்கவில்லை, அது நியாயமும்தான். அதே இயல்பான மாற்றம் ஒரு படைவீரரின் தாளில் தெரிந்தால் மட்டும் ஏன் அது சந்தேகத்துக்குரியதாகிறது?

படிக்காதவர்களின் அலட்சியம் என்கிற பேச்சுக்கு இன்னொரு பதில் நம் படையின் உச்சியிலேயே இருக்கிறது. தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி. கே. சிங்கின் பிறந்த ஆண்டு, படைத் தலைமையகத்தின் அட்ஜுடன்ட் ஜெனரல் பிரிவில் 1951 என்றும், மிலிட்டரி செகரட்டரி பிரிவில் 1950 என்றும் இருந்தது. நாளும் மாதமும் ஒன்றுதான், மே 10. அவர் 1970இல் அதிகாரியானவர். தந்தையும் படை அதிகாரி. பள்ளி நாளில் நிரப்பிய தேர்வு விண்ணப்பத்தில் 1950 என்று இருந்ததிலிருந்து குழப்பம் தொடங்கியது. ஒரே தலைமையகத்தின் இரண்டு பிரிவுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டிருந்தன. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 பிப்ரவரியில் அவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். அதில் யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே வாதிடவில்லை. படையின் மிக உயர்ந்த நாற்காலியில் இருந்தவரே தன் பதிவேட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியாமல் போன அமைப்பில், கார்கிலிலோ தேஜ்பூரிலோ கூடாரத்தில் கிடந்த சிப்பாயைப் பார்த்து 'நீ ஏன் கவனிக்கவில்லை' என்று கேட்க நமக்கு வாய் வரக் கூடாது.

நீதிமன்றங்களே மறுத்துவிட்டனவே என்பது அடுத்த வாதம். 1993இல் ஒரு மத்திய அரசு ஊழியரின் வழக்கிலும், 1994இல் தமிழ்நாடு அரசு ஊழியர் ஒருவரின் வழக்கிலும், ஓய்வு நெருங்கும் நேரத்தில் பிறந்த தேதியை மாற்றக் கேட்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்புகள் சரியானவை என்றே நினைக்கிறேன். பிறந்த ஆண்டு ஒன்று மாறினால் பணி ஓராண்டு நீளும். பின்னால் காத்திருப்பவரின் பதவி உயர்வு தள்ளிப்போகும். ஒருவர் பெறுவது இன்னொருவரின் இழப்பு. ஆனால் இந்தத் தீர்ப்புகளைக் காட்டி எண்பது வயதுக் கிழவியின் பெயரிலுள்ள எழுத்தைத் திருத்த மறுப்பது, சட்டத்தை அதன் காரணத்திலிருந்து பிய்த்தெடுப்பது. அவள் பெயர் திருந்துவதால் யாருடைய பதவி உயர்வும் நிற்காது. அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் கடன் வராது. ஏற்கெனவே அவளுக்குத் தரவேண்டியதைத் தருகிறார்கள், அவ்வளவுதான்.

உரிமையின் அளவை மாற்றும் விவரம் வேறு, ஆள் யார் என்று காட்டும் விவரம் வேறு. பணியில் இருப்பவரின் பிறந்த தேதி, சேவைக் காலம், பதவி, பதக்கம் ஆகியவை முதல் வகை. மனைவியின் பெயர் எழுத்து, தலைப்பெழுத்து, ஊர், மாவட்டம் இரண்டாம் வகை. முதல் வகைக்குப் போட்ட பூட்டை இரண்டாம் வகைக்கும் மாட்டி வைத்திருக்கிறோம். நடுவில் நிற்கும் விவரம் ஒன்று உண்டு: குடும்ப ஓய்வூதியம் பெறுபவரின் பிறந்த தேதி. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் எண்பது வயதானவருக்கு ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் முழுமடங்கு. இது விதவைகளுக்கும் உண்டு. ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் மனைவியின் பிறந்த தேதி இல்லாவிட்டால் எண்பது தாண்டியும் இந்தக் கூடுதல் தானாக வராது. எண்பதுகளின் நடுப்பகுதிக்கு முன் ஓய்வு பெற்ற பலருடைய பி.பி.ஓ.வில் தேதி என்ன, மனைவி பெயரே கிடையாது. கேட்காமல் விட்டது அலுவலகம். எழுதாமல் விட்டதும் அலுவலகம். நட்டம் மட்டும் அவளுக்கு.

பணம் தேவைப்படும் நேரத்தில்தான் இந்தப் பிழை வெளியே வருகிறது என்பதை இதைப் பற்றிப் பேசுவோர் மறந்துவிடுகிறார்கள். கணவர் இருக்கும்வரை அவருடைய ஓய்வூதியம் அவர் பெயரில் வருகிறது; மனைவி பெயரை யாரும் பார்ப்பதில்லை. அவர் இறந்த மாதம் அந்த வரவு நின்றுபோகிறது. அப்போதுதான் பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள். காரியம் முடிந்த கையோடு அந்தப் பெண் பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும், நோட்டரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ போக வேண்டும், சில நேரம் பத்திரிகையில் விளம்பரமும் அரசிதழில் அறிவிப்பும் கேட்பார்கள், தாசில்தாரிடம் 'இருவரும் ஒருவரே' என்று சான்று வாங்க வேண்டும், மாவட்ட நல அலுவலகத்தின் மேலொப்பம் வேண்டும். எல்லாம் சேர்ந்து ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும். அங்கிருந்து பிரயாக்ராஜ் என்று பெயர் மாறிய அலகாபாத்தில், திரௌபதி காட் பகுதியிலுள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்குப் போய்த் திருத்திய பி.பி.ஓ. வர வேண்டும். வெலிங்டனுக்கு ஊட்டி பஸ் பிடித்துப் போகலாம். ஜபல்பூருக்கு யார் போவார்? மகன் கூலிவேலையை விட்டுவிட்டு அலைவான். இல்லாவிட்டால் ஒரு ஏஜென்டிடம் போவார்கள். முதல் தவணையிலிருந்து ஒரு பங்கு அங்கே போய்விடும்.

திருத்தத்தை எளிதாக்கினால் போலிகள் நுழைவார்கள் என்பது இருப்பதிலேயே கனமான எதிர்வாதம். அதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. இன்னொருவரின் மனைவி என்று சொல்லி ஓய்வூதியம் வாங்க முயல்பவர்கள் உண்டு; இரண்டாம் மனைவி, முதல் மனைவி வழக்குகளும் உண்டு. ஆனால் ஏமாற்ற வருகிறவர் எப்படி வருவார்? பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதற்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிற தாள்களைத் தயார் செய்துகொண்டு வருவார். அவருடைய கோப்பில் குறையே இருக்காது. ஒரு தாளில் ஒரு விதமும் இன்னொன்றில் வேறு விதமுமாக வந்து நிற்பவர், தன் வாழ்க்கையில் கிடைத்த தாள்களை அப்படியே கொண்டுவந்தவர். எழுத்துப் பொருத்தத்தை வைத்து மோசடியைப் பிடிக்க முடியாது. ஆளைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். அதற்கான வழிகள் படையிடமே இருக்கின்றன: ஓய்வு பெறும்போது எடுத்த தம்பதி புகைப்படம், கைரேகை, அங்க அடையாளங்கள், பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் ஏறிய பழைய பார்ட் டூ ஆர்டர்கள், ஊரிலேயே இருக்கிற அதே படைப்பிரிவின் முன்னாள் வீரர்கள். இவற்றைப் பார்க்காமல் பத்திரத்தாள் கேட்பது பாதுகாப்பு ஆகாது. பொய் சொல்லத் துணிந்தவருக்குப் பிரமாணப் பத்திரம் எழுதுவது சிரமமே இல்லை.

ஓய்வூதியத்துக்கான இணைய ஏற்பாடான ஸ்பர்ஷ் வந்துவிட்டதே, இனி எல்லாம் கணினியில் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். 2021இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்குள் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்களைக் கொண்டுவரும் வேலை பெரியது. நடுவில் வங்கி இல்லாமல் பணம் நேராக வருவது நல்லதே. ஆனால் பழைய தாளில் இருந்த பிழை கணினிக்குள் போனதும் முன்பைவிடக் கெட்டியாகிவிடுகிறது. வங்கியில் முப்பது ஆண்டாக அந்தக் குடும்பத்தை அறிந்த மேலாளர், "எனக்குத் தெரிந்த அம்மாதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட முடிந்தது. திரையில் வரும் 'பொருந்தவில்லை' என்ற வரியிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது. கிராமத்தில் இருக்கும் எழுபத்தெட்டு வயது விதவைக்கு லாகின், கடவுச்சொல், ஓ.டி.பி. எல்லாம் பேரனின் கைப்பேசியைப் பொறுத்தவை. பேரன் திருப்பூரில் வேலை பார்க்கிறான்.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். அங்கே 1946லேயே சட்டம் செய்து, படைப் பதிவுகளைத் திருத்துவதற்கென்று தனி வாரியங்கள் அமைத்தார்கள். பிழை இருந்தாலும் திருத்தலாம், அநீதி இருந்தாலும் திருத்தலாம் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று கெடு உண்டு. நியாயத்துக்குத் தேவை என்று கண்டால் அந்தக் கெடுவையும் வாரியம் தள்ளுபடி செய்யலாம். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த படைப் பணியாளர் ஆவணக் காப்பகம் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. 'நகல் வைத்திருந்தால் கொண்டு வா' என்று மட்டும் சொல்லி அவர்கள் கதவைச் சாத்தவில்லை. சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு போன்ற வேறு ஆவணங்களைத் தேடி, எரிந்த கோப்புகளை மறுபடி உருவாக்கும் வேலையை அலுவலகமே எடுத்துக்கொண்டது. அங்கேயும் தாமதமும் குறைகளும் உண்டு. ஆனால் பதிவேட்டை வைத்திருப்பவர்தான் அதற்குப் பொறுப்பு என்ற எண்ணம் அங்கே சட்டத்தில் இருக்கிறது. நம்மிடம் ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறிய வீரரின் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பின் அழித்துவிட விதி அனுமதிக்கிறது. அலுவலகம் தன் தாளை அழிக்கலாம். வீரரின் குடும்பம் மட்டும் ஒவ்வொரு தாளையும் காலமெல்லாம் காப்பாற்ற வேண்டும்.

பதிவேட்டை வைத்திருப்பவரே பொறுப்பு என்ற எண்ணத்துக்கு நம் நாட்டு நீதிமன்றமும் அந்நியமானது அல்ல. 2013இல் உடல்திறன் இழந்த ஒரு வீரரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சேரும்போது நோய் எதுவும் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு படையினுடையது. சேர்க்கும்போது சோதித்துக் குறிப்பு எழுதியது படை என்பதால், குறிப்பில் உள்ள மௌனத்தின் பலனும் வீரருக்கே. அதே நியாயத்தைப் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் நீட்ட என்ன தடை? ஓய்வூதியம் அரசு இரக்கப்பட்டுத் தருவது அன்று, உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்த நாளை ஓய்வூதியர் நாள் என்று இன்றும் கொண்டாடுகிறோம். உரிமையைக் கொடுக்கவேண்டியவர் தான் எழுதிய எழுத்தையே காரணம் காட்டி நிறுத்தி வைத்தால் அது உரிமையாக இருக்காது.

வழி இல்லாமல் இல்லை என்பார்கள்: தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஷீட் ரோல் நகல் கேட்கலாம், சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது, அங்கே போகலாம். தெரிந்தவர்கள் போகிறார்கள், ஜெயிக்கவும் செய்கிறார்கள். பெயரில் ஓர் எழுத்துக்காக ஒரு விதவை வக்கீல் வைத்துத் தீர்ப்பாயம் ஏறவேண்டியிருப்பதை வழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சங்கத் தலைவர்களிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. கூட்டங்களில் "நீங்கள் பார்த்திருக்க வேண்டும்" என்று நம் ஆட்களையே அதட்டுவதை விடுங்கள். கோரிக்கை மனுக்களில் ஒரே பதவி ஒரே ஓய்வூதியத்துக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களில் உள்ள எழுத்துப் பிழையை, தம்பதி புகைப்படமும் ஆதாரும் பார்த்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநரே சான்றளித்து முடிக்கட்டும். ரெக்கார்ட் ஆபீஸ் அதை ஏற்றுக்கொள்ளட்டும். திருத்தம் முடியும்வரை குடும்ப ஓய்வூதியம் தற்காலிகமாக வந்துகொண்டிருக்கட்டும். தவறாகப் போனால் பிடித்துக்கொள்ள அரசுக்கு ஆயிரம் வழி இருக்கிறது, மூன்று மாதம் வருமானம் இல்லாத பெண்ணுக்கு ஒரு வழியும் இல்லை. மறுப்பதானால் எந்த எழுத்து, எந்தத் தாள், ஏன் என்று காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். இன்று வருகிற 'ஆவணங்கள் பொருந்தவில்லை' என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு எதைத் திருத்துவது என்று எவருக்கும் புரிவதில்லை.

உயிரோடு இருக்கும் ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ்சான்று கொடுக்கிறார்கள். விரலை வைத்ததும் விவரம் திரையில் வருகிறது. அதே நேரத்தில் மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் தமிழிலும் காட்டி, சரியா என்று கேட்டு, இல்லை என்றால் அங்கேயே திருத்த விண்ணப்பத்தைப் பதிந்துகொள்ளலாம். கணவரும் மனைவியும் பக்கத்தில் நிற்கும்போது ஆளை அடையாளம் காண எந்தப் பத்திரமும் வேண்டாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.